கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுபவர்

புதுச்சேரியில் ஞாயிறு மாலைகளில் நடந்த ஓர் இசை நாடகத்துக்கு நான் ஒலிப் பொறியாளராக இருந்தேன். என் மேசைக்கு முன் வரிசையில் எப்போதும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். நீலச் சீருடை, கழுத்தில் தொழிற்சாலை அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை. கதாநாயகியை வீட்டைவிட்டுத் துரத்தும் காட்சியில் ஒவ்வொரு முறையும் அழுவார். கடைசிப் பாட்டுக்குச் சற்று முன் எழுந்து, வாசலில் ஒருமுறை மேடையைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடுவார். இரவு ஷிப்ட்டுக்கான கம்பெனி பஸ் அந்த நேரத்துக்குத்தான் வரும்.

“முடிவு தெரியாமலே இருக்கீங்களேக்கா, நான் சொல்லவா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சொல்லிடாதம்மா. அவ பாடித்தான் நான் கேக்கணும். அந்தப் பொண்ணு பொழைச்சிக்கிறாளா இல்லியான்னு மிஷின்கிட்ட நின்னு யோசிக்கிறேன், சூப்பர்வைசர் மொறைக்கிறாரு.”

அடுத்த ஞாயிறோடு நாடகம் முடிகிறது. நாடகத்துக்கு முன் நடக்கும் ஒலிச் சோதனைக்கு எந்தப் பாட்டு என்பதை நான்தான் சொல்வேன். அவரை மூன்று மணிக்கே வரச் சொன்னேன். காலி அரங்கில், ஒப்பனை இல்லாமல், கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு நடிகை கடைசிப் பாட்டைப் பாடினார். கதாநாயகி தனக்கென்று வாங்கிய வீட்டின் கதவைத் திறக்கும் பாட்டு. அக்கா கைதட்டவும் மறந்து கேட்டார்.

அன்று மாலை அதே இருக்கையில் இருந்தார். துரத்தும் காட்சியில் பக்கத்து இருக்கைப் பெண் விசும்பினாள்.

“அழாதம்மா,” என்று அவள் முழங்கையைத் தட்டினார். “இன்னும் கொஞ்ச நேரந்தான்.”

பஸ் நேரம் வந்ததும் எழுந்தார். வாசலில் திரும்பிப் பார்க்கவில்லை.