ஆறடிக்கு நாலரை அடி

குளிக்கப் போனால் ஞானசுந்தரி மதினி முதலில் குவளையால் பித்தளை வாளியின் விளிம்பை மூன்று முறை தட்டுவார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றும் சத்தம் வரும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் தப்பியதில்லை. ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம். அவரே ஒரு நாள் சொன்னார். இலங்கையில் அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலி வரிசை வீடுகளில், பதினோரு குடும்பத்துக்கும் குளிக்க ஒரே மறைப்பு. கதவு கிடையாது, சாக்குப் படுதாதான். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிவிக்கத் தட்ட வேண்டும். இங்கே வந்து கதவும் தாழ்ப்பாளும் கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மதினி என் வீட்டுக்காரர் மோசஸின் அக்கா. எழுபத்து நாலில் கப்பலேறி வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது, தம்பிக்கு எட்டு. வந்த வருடமே அம்மா இறந்துவிட்டார். சோலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்துத் தம்பியை வளர்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரிடமும் ஒரு உதவி என்று கேட்க மாட்டார். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து போய்த்தான் தண்ணீர் குடிப்பார்.

சரிவில் கட்டிய சின்ன வீடு எங்களுடையது. அடுப்பங்கரைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த சுவரில், வெந்நீர் அண்டா பதித்த அடுப்பு ஒன்று இருந்தது. தீ வைக்கும் வாய் அடுப்பங்கரைப் பக்கம், அண்டாவும் அதைச் சுற்றிய திட்டும் குளியலறைப் பக்கம். கவாத்து வெட்டிய தேயிலை மிளாறுக் குச்சிகளை நான் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் மூன்று தட்டு கேட்கும்.

கக்கூஸ் மட்டும் வெளியே, பன்னிரண்டு படி இறங்கிப் போக வேண்டும். ஐந்து வருடம் முன்பு ஆடி மழையில் மதினி அந்தப் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் முட்டி முன்போல இல்லை. கக்கூஸையும் குளியலறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட வேண்டும் என்று மோசஸ் முடிவு செய்தார். அக்கா கடைசிவரை தன் கையாலேயே எல்லாம் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. மதினிக்கும் அது ஒன்றுதான் வேண்டும்.

கொத்தனார் ஆறுச்சாமி வந்தார். நாலுக்கு நாலாக இருந்த தரையை நாடாவால் இரண்டு முறை அளந்தார். பின்னால் மலை, கல்கட்டு. அந்தப் பக்கம் ஒரு அங்குலம் நகர முடியாது. தரைக்கடியில் பாறை. குழாய் பள்ளத்துப் பக்கம் மட்டுமே இறங்கும். அடுப்பை இடித்துச் சுவரைத் தள்ளிக் கட்டினால் ஆறடிக்கு நாலரை அடி கிடைக்கும் என்றார். வாசல் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் அதே அளவில் கட்டம் போட்டார். கக்கூஸ் பீங்கான் வரும் இடத்தில் நாற்காலியைப் போட்டார்.

"ஏனுங்கம்மா, உள்ள வந்து உக்காந்து பாருங்க. காயிதத்துல பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க."

மதினி கோட்டைச் சுற்றி வந்து, கதவு வரைந்திருந்த இடம் வழியாகவே நுழைந்தார். ஆறுச்சாமி சிரித்துவிட்டார்.

"செவுரு இன்னும் கட்டலீங்க. தாண்டியே வந்திருக்கலாம்."

"இது காம்பராவா, தீப்பெட்டியா?" என்றார் மதினி. அறையை லயத்து வழக்கில் காம்பரா என்றுதான் சொல்வார். "நான் உள்ளே போனா சோப்பு வெளியே நிக்கணும் போல இருக்கே."

"பீங்கான் மேல மூடியப் போட்டு, அதும்மேலயே உக்காந்து குளிச்சுக்கலாமுங்க. தனியா ஸ்டூல் போட எடமில்ல. எந்திரிக்கக் கம்பி வெச்சுத் தர்றேன். வலதுகைப் பக்கந்தான் செவுரு வருது. இடதுகைப் பக்கம் கதவு போயிருதுங்க."

மோசஸ் கேட்டார்: "அக்கா, எந்தக் கையை ஊனி எந்திரிப்பே? சரியாச் சொல்லு. வேற கையின்னா இப்பவே மாத்தி யோசிக்கலாம்."

"எந்தக் கையா இருந்தா என்னடா. ரெண்டும் கைதானே."

சொல்லிவிட்டு, எதையும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு ஆண்களும் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் டீ டம்ளர்களோடு கதவோரம் நின்றேன். மதினியின் வலது தோள் இரண்டு வருடமாகவே மேலே ஏறாது. தலைவாரச் சீப்பை இடது கைக்கு மாற்றியிருந்தார். என்னைவிட உயரமானவர், ஆனாலும் மேல்தட்டு உப்பு ஜாடியை "நீ எடு புள்ள, எனக்கு எட்டலை" என்பார். அவர் குளித்துவிட்டு வந்ததும் நான் துடைக்கப் போவேன். அடுப்புத் திட்டின் மேல் இடது கையின் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருக்கும். சூட்டில் நான் பார்க்கும்போதே அது காய்ந்துவிடும். அந்தத் திட்டைப் பிடித்துத்தான் அவர் எழுந்துகொண்டிருந்தார். ஒரு முறை மட்டும் என்னிடம் சொன்னார்: "தோள் போச்சுன்னு தெரிஞ்சா மோசஸ் என்னைத் தனியாக் குளிக்க விடமாட்டான். நீ பேசாம இரு."

சொல்லிவிடலாம் என்றுதான் அன்று நினைத்தேன். மதினி என்னைப் பார்த்தார். "டீ ஆறிடும்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து மோசஸிடம், "அடுப்பு இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"புகையில இன்னும் எத்தனை வருஷம் அக்கா கண்ணைக் கசக்கணும்? ஹீட்டர் வாங்கியாச்சு" என்றார்.

ஒன்பது நாளில் வேலை முடிந்தது. வெள்ளை டைல்ஸ், வலது சுவரில் பளபளவென்று கம்பி. பித்தளை வாளி வைக்க இடமில்லாததால் மோசஸ் நீல பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்தார். முதல் குளியலுக்கு மதினி புதுத் துண்டோடு போனார். நான் அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்தேன். தட்டு கேட்கவில்லை. சுவர் இப்போது தடிமன், வாளியும் பிளாஸ்டிக், அதனால்தான் என்று நினைத்தேன். தண்ணீர்ச் சத்தமும் நின்றது. புது இடம், ஆசையாக உட்கார்ந்திருக்கிறார் என்று விட்டுவிட்டேன். சோறு வடித்து முடித்த பிறகுதான் போய்க் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

பீங்கான் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். துண்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு நீலம். வலது கை கம்பி மேல் கிடந்தது, ஆனால் பிடிக்கவில்லை.

"எவ்வளவு நேரமாத் தட்டுறேன்" என்றார். "உனக்குக் கேக்கலையா, புள்ள?"

"கூப்பிட்டிருக்கலாமே மதினி."

நான் அவர் இடப்பக்கம் போய் நின்றேன். என் தோளைப் பிடித்து எழுந்தார்.

ஆறுச்சாமி மறுபடி வந்தார். இடப்பக்கம் தரையில் ஒரு கம்பி நட்டுப் பார்த்தார். கதவு பாதிதான் திறந்தது, அதைப் பிடுங்கினார். கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தால், அதை ஒட்டியே இருக்கும் படியில் ஆள் விழும். பீங்கானைத் திருப்பினால் குழாய் பாறையில் முட்டும். "நாங் கேட்டனேங்க, எந்தக் கைன்னு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

மோசஸ் அக்காவிடம் கேட்டார்: "அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"ரெண்டும் கைதான்னேன். அதுல என்ன பொய்?"

பிறகு மோசஸ் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையசைத்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே சாக்பீஸ் கோடு மழையில் முக்கால்வாசி அழிந்திருந்தது. மிச்சத்தைக் காலால் தேய்த்தார்.

இப்போது மதினிக்கு அறுபத்தேழு வயது. தோளுக்குப் பார்த்த வைத்தியத்தில் வலி குறைந்தது, கை ஏறவில்லை. குளியலறையில் எதையும் மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு முறையும் நான் கூடப் போய் அவருடைய இடப்பக்கம் நிற்கிறேன். குவளையால் அவர் தட்டுவதில்லை.