தையல்காரம்மாவின் கீபோர்டு

மூன்று வருடம் தொடாமல் வைத்திருந்த என் கீபோர்டை மதுக்கரையில் ஒரு தையல்காரம்மாவுக்கு விற்றேன். ஸ்டாண்டைக் கொடுக்க மறந்துவிட்டதால், ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

ஒல்லியான உடம்பு, கழுத்தில் இஞ்ச் டேப். தையல் மிஷினுக்கு வைத்திருக்கும் சின்ன பிரஷால் கீபோர்டுக் கட்டைகளின் இடுக்கில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஈரத்துணியை ஒட்டப் பிழிந்து ஒவ்வொரு கட்டையாகத் துடைத்தார்; உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை. பூப்போட்ட உறைகூடத் தைத்து வைத்திருந்தார். என்னிடம் இருந்தபோது அது ஒருநாளும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

“வாசிக்கக் கத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“எங்கீங்க! நாலு சுரந்தான் வருது. நீங்க ஒரு பாட்டு வாசிங்க, கேக்கறேன்.”

ஆசையோடு விரலை நீட்டினேன்.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. வண்டி ஓட்டிட்டு வந்த கையிங்க. கொஞ்சம் கழுவிப்போட்டு வாங்க.”

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பாட்டு பாதியில் மறந்துபோனது. “நல்லா இருந்துச்சுங்க” என்றார்.

கீபோர்டைத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நான் எழுந்ததும், நான் தொட்ட கட்டைகளை மட்டும் அவர் மறுபடி துடைத்தார்.