கடுகில் தொடங்கிய அட்டை

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து உறைபனிக் காலத்தில், மொன்றியலின் ஆற்றுக்குத் தெற்கே புரோசார்டில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் இது நடந்தது. குடும்பத்து விடயங்களை நாலு பேர் பார்க்க எழுதுவது என் வழக்கம் அன்று. "எழுதுங்கோ மாமா, நான் ஒண்டும் நினைக்க மாட்டன்" என்று மருமகளே சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்து, உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இங்கே எங்கள் தமிழ்ச் சபையில் மூப்பர்களில் ஒருவன். என் மனைவி காலமான பிறகு மகனுடைய வீட்டில் இருக்கிறேன். மகனுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதிகள் கையாளும் பகுதியில் மேற்பார்வை வேலை; முறை மாறி மாறி வரும். அந்த ஆண்டு பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஆறு. இருவரும் பள்ளிக்கூடம் போவதில்லை. மருமகள்தான் வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறார்.

தொடக்கத்தில் நான் இதற்கு உடன்படவில்லை. கல்லூரியில் காலம் கழித்த ஒருவனின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் வளர்வதை என்னால் சீரணிக்க முடியவில்லை. சபையிலும் கேட்டார்கள். "என்ன மாஸ்டர், ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் படிப்பிச்சிட்டு உங்கடை வீட்டிலை பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் போட்டியளோ?" என்று ஒருவர் தேநீர்க் கோப்பையோடு சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னை மருமகளின் பக்கம் சேர்த்தது. வீட்டுக்குள் மறுத்தவன் வெளியில் அதற்காக வாதாடத் தொடங்கினேன். பிள்ளைகள் விசுவாசத்தில் வளர வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம், அரசாங்கத்துக்கு அறிவித்து முறைப்படிதான் நடக்கிறது, அதிகாரி ஒருவர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டுப் போயிருக்கிறார் என்றெல்லாம் நான் அடுக்கினால் கேட்டவர் தேநீரை முடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

ஆனால் மருமகள் படிப்பிக்கும் விதம் எனக்கு உண்மையிலேயே பிடித்துப் போனது. காலையில் சமையலறை மேசையைச் சுற்றி இருந்து செபம்; நடத்துவது நான். ஆளுக்கொரு விண்ணப்பம், கட்டாயம் தமிழில். அதன் பிறகு அந்த மேசையே வகுப்பறை. வீட்டில் நடப்பது எதுவும் பாடமாகாமல் தப்பாது. ரொட்டிக்கு மா குழைத்தால் அது பின்னம். வெளியே பனி கொட்டினால் அளவுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். மூலையிலுள்ள, இங்கே தெப்பனோர் என்று சொல்லும் சிறு கடையில் பால் வாங்கினால் அன்றைய பிரெஞ்சுப் பாடம் முடிந்தது. பிள்ளைகள் எதைக் கேட்டாலும் விடை சொல்லாமல் விடக்கூடாது என்பது மருமகளின் கொள்கை. தெரியாவிட்டால் தேடியாவது சொல்வார்.

ஆகவே மூன்றாவது பிள்ளை உண்டானபோது அதுவும் பாடமானது. ஒரு பெரிய அட்டையில் பேத்தி கட்டங்கள் போட்டாள். திங்கட்கிழமை தோறும், வயிற்றில் பாப்பா அந்தக் கிழமை எவ்வளவு பெரிது என்று தாய் பார்த்துச் சொல்ல, அந்த அளவுள்ள பொருளைச் சமையலறையில் தேடி எடுத்துப் பேரன் பசை வைத்து ஒட்டுவான். முதலாவது கட்டத்தில் ஒரு கடுகு. பிறகு மிளகு, கௌபிப் பயறு, கடலை, முந்திரிப்பருப்பு. தேசிக்காய் அளவு வந்தபோது ஒட்ட முடியாமல் வர்ணப் பென்சிலால் கீறத் தொடங்கினான்.

அதைக் கூடத்துச் சுவரில் மாட்டப் போனார்கள். நான் தடுத்தேன். எங்கள் முறை வரும் வெள்ளிக்கிழமைகளில் சபையார் செபக்கூட்டத்துக்கு வந்து இருக்கிற இடம். ஒரு பெண்ணின் வயிற்று விடயம் அங்கே தொங்குவது அழகல்ல என்றேன். மருமகள் வாதாடவில்லை. "சரி மாமா, உள்ளுக்குக் கொழுவுறம்" என்று சொல்லி, சாமான் அடுக்கும் சிறிய அறையின் கதவுக்கு உட்புறத்தில் அதை ஒட்டினார். கதவைத் திறப்பவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

ஐந்தாம் மாதம் தொடங்கியிருந்த ஒரு விடியற்காலையில் மகனும் மருமகளும் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மத்தியானம் மகன் தொலைபேசி எடுத்தான். "அப்பா, பிள்ளை இல்லை. அவ சுகமா இருக்கிறா. சின்னனுகளுக்கு ஒண்டும் சொல்லிப் போடாதேங்கோ, நாங்கள் வந்து சொல்லுறம்." பேசிய குரல் என் மகனுடையதுபோல இல்லை.

மறுநாள் வந்தார்கள். மருமகள் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பேரன் ஓடிப்போய், "அம்மாக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டான். மகன் என்னையும் பார்த்து, தன் மனைவியையும் பார்த்து, "ஓம்" என்றான்.

அந்த ஒரு "ஓம்" எங்கள் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டது. இரவு சொல்லலாம் என்றிருந்தான் மகன். இரவு வேலை வந்தது. தகப்பன் சொல்வார் என்று தாய் நினைத்தார். பெற்றவர்கள் இருக்க நான் முந்தக்கூடாது என்று நான் நினைத்தேன். சபைக்கும் இப்போது அறிவிக்க வேண்டாம், பேந்து பார்ப்போம் என்று மகனிடம் சொன்னது நான்தான். வீட்டு வேலையும் படிப்பிப்பும் அந்தப் பெண்ணை முறித்துப்போடும் என்று சிலர் முன்னமே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வாய்க்கு இதையும் எடுத்துக் கொடுக்க என் மனம் இடம் தரவில்லை.

காலைச் செபம் வழமைபோல நடந்தது. பேத்தியின் விண்ணப்பமும் வழமைபோலவே வந்தது: "ஆண்டவரே, அம்மாவின்ரை வயித்திலை இருக்கிற பாப்பாவைப் பத்திரமாப் பாரும்." தாய் கண்ணைத் திறக்காமல் "ஆமென்" என்றார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் அந்த ஆமெனுக்கு முன்னால் ஒரு சிறு இடைவெளி விழும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில், மஞ்சள் பஸ் வந்து போன பிறகு ஒரு தாய் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம். எங்கள் தெருவில் அந்த பஸ் எங்கள் வாசலைக் கடந்து போய்விடும். விடிந்தது முதல் படுக்கும் வரை இரண்டு பிள்ளைகளும் மருமகளின் முழங்கையோடு இருந்தார்கள். மூன்று நேரமும் சமைத்தார், பெருக்கல் வாய்ப்பாடு கேட்டார், பிரெஞ்சு உச்சரிப்புத் திருத்தினார். இடையிடையே ஒரு கூடையோடு நிலவறைக்கு இறங்கிப் போய், உடுப்புக் காயவைக்கும் ட்ரையரைப் போடுவார். அது நெடுநேரம் இரைந்துகொண்டிருக்கும். சபையிலிருந்து யாரோ தொலைபேசியில் சுகம் விசாரித்தபோது, "அவ ஒரு வேலையையும் விடேல்லை, வீடு பளிங்கு மாதிரி இருக்கு" என்று நான் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

திங்கட்கிழமை வந்தது. செபம் முடிந்து, பேத்தியின் விண்ணப்பத்துக்கும் ஆமென் சொல்லியாயிற்று. பேரன் கதிரையிலிருந்து குதித்து, சாமான் அறைக் கதவைத் திறந்து, பென்சில் பெட்டியோடு அட்டைக்கு முன்னால் போய் நின்றான்.

"அம்மா, இந்தக் கிழமை என்ன? மாதுளம்பழமோ?"

மருமகள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். தேத்தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அதை நிறுத்தவில்லை. மகன் இரவு வேலை முடிந்து இன்னும் வந்து சேரவில்லை. சொல்வதற்கு வேறு யாரும் அங்கே இல்லை என்பது எனக்கு விளங்கியது.

எத்தனையோ துக்க வீடுகளில் எழுந்து நின்று பேசியவன் நான். அடுப்பை நிறுத்திவிட்டுப் போய், முழங்கால் வலியோடு அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

"ராசா, பாப்பா செத்துப் போச்சு. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனது அதுக்குத்தான்."

அவன் அட்டையைப் பார்த்தான். தாயின் வயிற்றைப் பார்த்தான். பேத்தி மேசையில் இருந்தபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "எனக்குத் தெரியும்."

மருமகள் திரும்பினார். "என்னெண்டம்மா தெரியும்?"

"ட்ரையர் ஓடேக்கை நான் ஒருக்கா கீழை வந்தனான். நீங்கள் அதுக்குப் பின்னாலை நிண்டு அழுதுகொண்டு இருந்தீங்கள். பேந்து நீங்கள் மேலை போனாப் பிறகு உடுப்பு மடிப்பம் எண்டு திறந்தன். உள்ளுக்கு ஒண்டும் இல்லை. வெறும் சூடு மட்டும்."

"அப்ப ஏன் குஞ்சு ஒவ்வொரு நாளும் பாப்பாவுக்காகச் செபம் பண்ணினனீ?"

"நான் நிப்பாட்டினால் எனக்குத் தெரியுமெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிடும். பேந்து நீங்கள் எனக்காகவும் அழுவீங்கள்."

ஒன்பது வயதுப் பிள்ளை. தாய் மகளுக்காக ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் தாய்க்காக விண்ணப்பம் செய்துகொண்டிருந்தாள். இல்லாத ஒரு குழந்தைக்காக எங்கள் வீட்டுச் செபம் அத்தனை நாளும் அப்படித்தான் நடந்திருக்கிறது. தலைமை தாங்கியவன் நான்.

மருமகள் சமையலறை நிலத்தில் அப்படியே சரிந்து இருந்து, பிள்ளைகளுக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், வாய்விட்டு அழுதார். பேத்தி போய் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பேரன் மட்டும் பென்சில் பெட்டியை விடாமல் நின்றான்.

"பாப்பா இப்ப எங்கை?"

"ஆண்டவரிட்டை."

"அங்கை வளருமோ?"

மருமகள் என்னைப் பார்த்தார். மூப்பர் என்ற முறையில் நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. "அம்மாவுக்குத் தெரியாது ராசா" என்றார் அவர். எந்தக் கேள்விக்கும் விடை தேடிக் கொடுத்த அந்த மேசைப் பக்கத்தில், அப்படி ஒரு பதிலை நான் கேட்டது அன்றுதான். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. மகன் வந்து கதவைத் திறந்தபோது நாங்கள் நால்வரும் நிலத்தில் இருந்தோம். அவனும் குளிர்ச் சட்டையைக் கழற்றாமல் வந்து பக்கத்தில் இருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை செபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. வேறு வீட்டுக்கு மாற்றிவிடட்டுமா என்று மருமகளிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். ஆட்கள் வருவதற்கு முன் நான் சாமான் அறைக்குப் போய், அந்த அட்டையைக் கவனமாக உரித்து எடுத்துக்கொண்டு வந்து கூடத்துச் சுவரில் மாட்டினேன். மிச்சக் கட்டங்களை என்ன செய்வது என்று பேரனைக் கேட்டேன். சற்று யோசித்து, "விடுங்கோ அப்பப்பா, பாப்பா அவ்வளவுக்குத்தானே வளர்ந்தது" என்றான்.

செபக்கூட்டம் தொடங்குமுன் நடந்ததை நானே எழுந்து சொன்னேன். பலர் கண் கலங்கினார்கள். சிற்றுண்டி நேரத்தில், நான் எதிர்பார்த்ததும் வந்தது. வயதான ஒரு சகோதரி குரலைத் தாழ்த்தி, "குறை விளங்காதேங்கோ மாஸ்டர், பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டிருந்தால் உங்கடை மருமகளுக்கு உடம்பிலை இவ்வளவு அலுப்பு வந்திராது" என்றார். வைத்தியர்கள் அப்படி ஒரு காரணமும் சொல்லவில்லை. அதை எடுத்துச் சொல்லவும், வழக்கமான என் நியாயங்களை அடுக்கவும் எனக்கு முடிந்திருக்கும். மருமகள் தட்டோடு பக்கத்தில் நின்றார்.

நான் சுவரைக் காட்டினேன். "அது எங்கடை மூண்டாவது பேரப்பிள்ளை" என்றேன்.

அந்தச் சகோதரி அட்டைக்குக் கிட்டப் போனார். கடுகு ஒட்டியிருந்த கட்டத்தை விரலால் மெல்லத் தொட்டார். பிறகு மருமகளின் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவரை அணைத்துக்கொண்டார். அவருக்கும் ஊரில் ஒரு பிள்ளை பிறக்காமலே போனதாம். அன்று வரை அதை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம்.

அட்டை இன்றும் கூடத்தில்தான் இருக்கிறது. முந்திரிப்பருப்பு உதிர்ந்துவிட்டது, பேரன் திரும்ப ஒட்டினான். ட்ரையரில் உடுப்பு இருந்தால் பொத்தான்களும் ஸிப்களும் உள்ளே தட்டுப்படும் சத்தம் மேலே வரை கேட்கும், வெறுமையாக ஓடினால் இரைச்சல் மட்டும்தான். இவ்வளவு காலமும் இந்த வீட்டில் இருந்தும் எனக்கு அந்த வேறுபாடு தெரியாமல் இருந்தது. இப்போது கீழே அது ஓடத் தொடங்கினால், வாசித்துக்கொண்டிருப்பதை மூடி வைத்துவிட்டு, ஒரு பொத்தானாவது தட்டுப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சத்தம் கேட்காத நாளில் படியிறங்கி மருமகளிடம் போக வேண்டியவன் நான்தான் என்பதைப் பேத்தியிடமிருந்து அறிந்துகொண்டேன்.