மன்னாருக்கு ஒரு மாற்றம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்து பிலிப்பைன்ஸ் படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான், மனைவி சுகந்தி, தங்கை வதனி.

நெல்லியடியில் பிலிப்பைன்ஸ் படமா என்று கேட்கிறீர்களா? எல்லாம் கனடாவால் வந்தது. சுகந்தியின் ஒன்றுவிட்ட சகோதரி அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண்கள் அவளுக்கு இந்தப் படங்களைப் பழக்க, அவள் போனில் சுகந்திக்குப் பழக்க... இப்போது எங்கள் வீட்டில் சீரியல்களுக்கு ஓய்வு.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மணிலாவில் ஒரு பெரிய விளம்பரக் கம்பனி. பாஸ், சிரிக்கத் தெரியாத ஓர் இளைஞன். புதிதாக வேலைக்கு வரும் பெண் முதல் நாளே பிந்தி வந்து, அவன் சட்டையில் கோப்பியைக் கொட்டுகிறாள். பிறகு திட்டு, மழை, ஒரே குடை, பழுதான லிப்ட்... கோப்பி கொட்டுப்பட்ட உடனேயே முடிவு தெரிந்துவிடுகிறது. ஆனாலும் எழும்ப மனம் வருவதில்லை. ஏன்? அந்தப் பெண்ணின் வீட்டில் ஒரே சத்தம். தேங்காய் துருவுகிறார்கள், கருவாடு பொரிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பேச விடாமல் பேசுகிறார்கள். எங்கள் வீட்டை வேறு பாஷையில் பார்ப்பது மாதிரி!

கீழே ஓடும் ஆங்கில எழுத்தைச் சுகந்தி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லிக்கொண்டே அழுதாள். அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

கடைசியில் கம்பனியின் ஆண்டு விழா. பாஸ் மேடையில் ஏறுகிறான். மைக்கைப் பிடிக்கிறான். எல்லோருக்கும் முன்னால் அவளிடம் தன் காதலைச் சொல்கிறான். ஊழியர்கள் எழும்பி நின்று கைதட்டுகிறார்கள். சோபாவில் இருந்தபடி நானும் தட்டினேன்.

"அந்தப் பிள்ளைக்கு விருப்பமில்லை எண்டால்... திங்கக்கிழமை எங்கை போய் வேலை செய்யிறது?"

கேட்டது வதனி.

சுகந்தி படத்தை நிறுத்தினாள். அவளுக்குச் சில விஷயங்கள் மணக்கும். "ஏன் வதனி, என்ன நடந்தது?" என்றாள்.

வதனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன்.) வயது நாற்பத்தொன்று. அச்சுவேலியில் ஓர் ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் மனேச்சர். முப்பது பேர் அவளுக்குக் கீழே. கலியாணம் ஆகவில்லை. பார்த்த இடங்களெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போக, ஒரு கட்டத்தில் நாங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். நிறுத்துகிறோம் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

வதனி ரிமோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அன்ரன் எண்டு ஒருத்தர். எங்கடை குளிர் அறையளுக்கு மெக்கானிக். குருநகர்க் கடற்கரை ஆள். மன்னாரிலை கம்பனி புதுசாத் திறக்கிற இடத்துக்கு மாற்றம் கேட்டுக் கடிதம் தந்திருக்கிறார். மூண்டு நாளா அது என்ரை கைப்பையிலை கிடக்கு."

"போக விருப்பமெண்டால் கையெழுத்தை வைச்சு விடன்," என்றேன் நான். புத்திசாலி!

சுகந்தி என் பக்கமே திரும்பவில்லை. "ஏன் போறார் எண்டு கேட்டனீரே?"

"இல்லை மச்சாள்... எனக்குக் கீழை வேலை செய்யப் பிடிக்கேல்லையாக்கும்."

சொல்லும்போது அவளுடைய குரல் இறங்கிப்போனது. முப்பது பேருக்கு உத்தரவு போடுகிற குரல் அது.

"உமக்கு அவரைப் பிடிக்குமோ?" என்று சுகந்தி நேரடியாகவே கேட்டாள்.

வதனி இல்லை என்று சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னாள். "ஒருநாள் கறண்ட் நிண்டிட்டுது. ஜெனரேற்றரும் வேலை செய்யேல்லை. செய்து வைச்ச ஐஸ்கிரீம் எல்லாம் உருகத் தொடங்கீட்டுது. மேலிடத்துக்கு என்னெண்டு சொல்லுறது எண்டு நான் யோசிச்சுக்கொண்டு நிண்டன். 'உருகினாப்பிறகு யோசியுங்கோ மேடம், முதல்லை பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குக் குடுப்பம்' எண்டார். ரெண்டு பேருமாப் பெட்டி பெட்டியாத் தூக்கிக்கொண்டு போய்க் குடுத்தனாங்கள். பிள்ளையள் சத்தம் போட்டுச் சிரிக்குதுகள். அவரும் சிரிக்கிறார். கையெல்லாம் சொக்லேற். அண்டைக்குத்தான்..."

அண்டைக்குத்தான் என்ன என்று அவள் சொல்லி முடிக்கவில்லை.

"அப்ப நீர் சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடி மச்சாள்? அவரின்ரை லீவுக்கு நான்தான் கையெழுத்து வைக்கிறனான். அவர் நல்லா வேலை செய்யிறாரோ இல்லையோ எண்டு வருசக் கடைசியிலை நான்தான் எழுதுறனான். நான் கேட்டால் இல்லையெண்டு சொல்ல அவருக்கு ஏலுமே? இல்லையெண்டு சொல்ல ஏலாத ஆளிட்டை ஓம் வாங்கி என்ன செய்யிறது?"

மணிலாவில் மைக்கைப் பிடித்தவனுக்கு இப்படி ஒரு யோசனை வந்ததா? அவனுக்கு மட்டுமல்ல... இரண்டு மணித்தியாலம் பார்த்த எனக்கு வந்ததா?

ஆனால் அந்த நேரத்தில் நான் அதை யோசிக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் சொன்னது இதுதான்:

"அவன் உனக்குக் கீழை வேலை செய்யிறவன் பிள்ளை. அதுவும் வேதக்காரர்... குருநகர்..."

அங்கே நிறுத்தினேன். அதற்குப் பிறகு வரவேண்டிய சாதிப் பேரை எங்கள் ஊரில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கும். வதனிக்கும் விளங்கியது. எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சுகந்தி ரீவியைக் காட்டினாள். மைக்கோடு அந்தப் பெடியன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"இஞ்சேருங்கோ... இவ்வளவு நேரமும் நீங்கள் ஆருக்குக் கைதட்டினனீங்கள்?"

 பாஸ் ஆண், வேலை செய்கிறவள் பெண் என்றால் அது காதல் படம். ஆளை மாற்றிப் போட்டால் அது குடும்ப மானம்! பெண்களைப் பற்றியும் சமத்துவத்தைப் பற்றியும் இந்தப் பத்தியில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். பாராட்டிக் கடிதமும் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பாராட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை வதனி அன்ரனைத் தன் அலுவலக அறைக்குக் கூப்பிட்டாளாம். கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, கடிதத்தை மேசையில் விரித்தாள். நடந்ததை அவள் சுகந்தியிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அன்ரன், ஏன் போறீங்கள்? என்னிலை ஏதும் பிழையோ?"

"இல்லை மேடம்."

"அப்ப?"

"நீங்கள் கையெழுத்து வையுங்கோ. பிறகு சொல்லுறன்."

"சொன்னால்தான் வைப்பன்."

"வைச்சால்தான் சொல்லுவன் மேடம்."

நாலு வருடத்தில் அவர் அவளோடு வாதாடியது அது முதல் தடவை இல்லையாம். ஆனால் மேசையைப் பார்த்துக்கொண்டு வாதாடியது அதுதான் முதல் தடவையாம். வதனி கையெழுத்து வைத்தாள். திகதியும் போட்டாள். கடிதம் அவர் பக்கம் போனது.

அதைக் கையில் எடுத்த பிறகுதான் அன்ரன் கதைத்தார். "இனி நான் மன்னார் ஆள். உங்களுக்குக் கீழை இல்லை. அதாலை கேக்கிறன். உங்களை எனக்கு நல்ல விருப்பம். இஞ்சை இருந்துகொண்டு கேட்டால் உங்களுக்கு மரியாதைக்குறைவு. நீங்கள் இல்லையெண்டு சொன்னாலும் ஒவ்வொரு நாளும் என்ரை முகத்தைப் பார்க்கவேண்டி வரும். உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் எண்டுதான் மாற்றம் கேட்டனான்."

பாருங்கள்... ஒரே தொழிற்சாலையில், ஒரே காரணத்துக்காக, இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மற்றவருக்குத் தன்னால் நெருக்கடி வந்துவிடக் கூடாதே என்று.

வதனி என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்கள் போய் அங்கை வேலையைப் பொறுப்பெடுங்கோ. நான் பிறகு சொல்லுறன்." மனேச்சர் பதில்! அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த மாதக் கடைசியில் மன்னாருக்கே போய்விட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கதையே இல்லை. வதனி வேலைக்குப் போனாள், வந்தாள். என்னோடு அளவாகக் கதைத்தாள். சுகந்தியும் அளவாகத்தான். இரண்டு பெண்கள் சேர்ந்து அளவாகக் கதைக்கிற வீட்டில் இருந்து பார்த்திருக்கிறீர்களா?

அவர் போய் அடுத்த ஞாயிறு காலை, வதனி சேலை கட்டிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றாள்.

"அண்ணை, என்னை யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டிலை இறக்கி விடுறியளோ?"

"எங்கை போறாய்?"

"மன்னாருக்கு."

 குசினி யன்னலில் சுகந்தியின் முகம் தெரிந்தது. போய் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

வல்லை வெளியில் அடித்த காற்றில் ஒன்றும் கதைக்க முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. என்ன சொல்வது என்று யோசிக்க எனக்கு அந்த வெளி தேவைப்பட்டது. பஸ் ஸ்ராண்டில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு சுருள் கச்சான் கடலையும் வாங்கிக் கொடுத்தேன்.

"வதனி... அண்டைக்கு நான் சொன்னது..."

"தெரியும் அண்ணை."

"பிழை."

"அதுவும் தெரியும்."

சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு.

"போனிலை சொல்லியிருக்கலாமே? ஏன் இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"போனிலை சொன்னால் மனேச்சர் கதைக்கிறா எண்டு நினைச்சுப்போடுவார். அவர் எனக்காக இடம் மாறினவர். ஒரு பஸ் ஏறிப் போய்ச் சொல்லாட்டி எப்பிடி?"

பஸ் வெளிக்கிட்டது. என் தங்கை யன்னல் கரையில் இருந்து, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சுற்றுலா போவது மாதிரி, கச்சான் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். இவளுக்கு நாற்பத்தொரு வயது, இனி என்ன என்று முடிவு கட்டியது யார்? நாங்கள்தானே?

பின்னேரம் கூட்டிவரப் போனேன். இறங்கியவளின் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"என்ன சொன்னனி?"

"ஓம் எண்டு சொன்னன்."

"அதுக்கு அவர்?"

"'சரி மேடம்' எண்டார்."

நானும் அவளும் நடு பஸ் ஸ்ராண்டில் நின்று சிரித்த சிரிப்பில், பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

எல்லாம் படம் மாதிரி முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அன்ரனின் அக்கா இன்னும் முகம் கொடுக்கவில்லை. "மனேச்சர்ப் பொம்பிளை வீட்டுக்கு வந்தும் மனேச்சராத்தான் இருப்பா" என்கிறாவாம். எங்கள் பக்கத்திலும் இரண்டு மாமாமார் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கோயிலா, சேர்ச்சா என்பது முடிவாகவில்லை. முதலில் பதிவாளரிடம் கலியாண எழுத்து என்பது மட்டும் உறுதி. அதை முடிவு செய்தது அவர்கள் இரண்டு பேரும்தான்.

போன ஞாயிறு அன்ரன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையில் கொஞ்சம் நரை. இஸ்திரி போட்ட நீலச் சட்டை. வதனி "இருங்கோ" என்று சொல்லும் வரை கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். சுகந்தி தேத்தண்ணி ஊற்ற உள்ளே போக, வதனியும் கூடப் போனாள். நானும் அவரும் தனியே.

"அண்ணை," என்றார். "உங்கடை மனசிலை ஏதும் இருந்தால் இப்பவே சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன்."

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"இருந்தது அன்ரன். இப்ப ஒண்டுமே இல்லை எண்டு சொல்ல மாட்டன். குறைஞ்சு வருது."

அவர் யோசித்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"அது காணும் அண்ணை. குளிர் அறைக் கதவைத் திறந்த உடனை உள்ளுக்கை வெக்கை வராது. நேரம் எடுக்கும். கதவை மட்டும் திரும்பப் பூட்டிப்போடாதேங்கோ."

தேத்தண்ணி வந்தது. மன்னார்க் காற்றைப் பற்றி, மின்சாரத் தடையைப் பற்றி, குருநகரில் இந்த முறை பிடிபட்ட நண்டைப் பற்றிக் கதைத்தோம். போகும்போது படலை வரைக்கும் நானே போய் வழியனுப்பினேன்.

'மச்சான்' என்று கூப்பிட இன்னும் வாய் பழகவில்லை... வருகிற ஞாயிறும் வருகிறாராம், பழகிவிடும்!