நான் ஓய்வெடுக்கவில்லை

லாரி வரிசையில் நிற்பதை ஓய்வு என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் தலைக்கேறும். சொல்பவர் ஒரே ஒரு நாள், சித்திரை வெயிலில், எண்ணூர் சாலையில், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நான்கு அடி வண்டியை நகர்த்திப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கண் அசந்தால் பக்கத்திலிருந்து ஒருவன் மூக்கை நுழைத்துவிடுவான். பின்னால் நிற்பவன் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு நம் பரம்பரையையே விசாரிப்பான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் நான் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் பெட்டியை ஏற்றி, எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இறக்க வேண்டும். தூரம் ஒன்றுமில்லை. வாசலில் நிற்கும் வரிசைதான் பகல் முழுவதையும் தின்றுவிடும்.

அதைச் சமாளிக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. நான்கு வண்டிக்கு ஒரு ஆள் விழித்திருப்பான். மற்றவர்கள் சாவியை அப்படியே விட்டுவிட்டு கேபினின் பின்சீட்டில் காலை நீட்டிவிடுவார்கள். விழித்திருப்பவன் ஒவ்வொரு வண்டியாக ஏறி நகர்த்திக்கொண்டே வருவான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறும்.

பிறகு அந்தத் தொழிற்சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் பங்கு சேர்ந்தார்கள். கூடவே ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார், ஒரு படிவமும் வந்தது. டிரைவர் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நேரம் முடிந்தவன் வண்டியைத் தொடக் கூடாது. ஒருவன் வண்டியை இன்னொருவன் ஓட்டினால் இருவருக்கும் கேட் பாஸ் ரத்து. எட்டு மணி நேரம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது என்று எங்களில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷப்பட்டோம்.

ஆனால் படிவத்தை நிரப்பியவர்கள் கேட்டில் இருந்தவர்கள். பெட்டியை இறக்கிவிட்டு வெளியே வரும்போது எடைமேடையில் வண்டியை நிறுத்தி எடை போடுவார்கள். அங்கே படிவத்தை நீட்டுவார்கள். ஓட்டிய நேரம் இரண்டு மணி, ஓய்வு ஏழு மணி என்று எழுதியிருக்கும். வரிசையில் நின்றது முழுவதும் ஓய்வுக் கணக்கில் போயிருக்கும். நாங்கள் நிஜமாகவே தூங்கிய காலத்தில் அதை யாரும் எழுதவில்லை. அதைத் தடுத்த பிறகு, எடுக்காத ஓய்வை எழுதினார்கள். வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று நானும் பல தடவை படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வெட்கம் எனக்கு உண்டு.

அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு சாயங்காலம் கிளம்பியவன்தான் என் தோஸ்து, கல்மண்டபத்துக்காரன். டோல்கேட்டுக்கு முன்னால் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். ஓட்டும்போதே தூங்கிவிட்டான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது எதிர்த்தரப்பு அந்தப் படிவத்தை எடுத்து வைத்தது. ஏழு மணி நேரம் ஓய்வெடுத்தவன் எப்படித் தூங்கி விழுவான், குடித்திருக்கிறான் என்றார்கள். டீயைத் தவிர எதையும் தொடாதவன் அவன். பேச்சு எப்படியோ தெருவுக்கும் வந்துவிட்டது.

"கால் பூட்ச்சி, அதுகூட பரவால்ல மாமு," என்றான், நான் பார்க்கப் போனபோது. "குடிகாரன்றானுங்க பாரு, அதத்தான் தாங்க முடியல. குழாயாண்ட எம்பொண்டாட்டியப் பாத்து சிரிக்கிறாளுங்களாம். லைன்ல நான் எங்க மாமு தூங்குனேன்? நீ எம்பின்னாலதான நின்னுகினு இருந்தே?"

நின்றிருந்தேன். அவன் ஒவ்வொரு நான்கு அடிக்கும் வண்டியைக் கிளப்பியதைப் பார்த்திருந்தேன். சாட்சி சொல்ல வருகிறேன் என்று அவனுடைய வக்கீலிடம் போனேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "நீங்க வாயால சொல்றீங்க. அவங்ககிட்ட இவர் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கு. வரிசைல நின்னதும் வேலைதான்னு அதே கம்பெனி எழுதின இன்னொரு தாள் இருந்தாத்தான் எதிர்த்து நிக்க முடியும்," என்றார்.

அடுத்த வாரம் எனக்கு அதே தொழிற்சாலைக்கு லோடு. காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்தவன், பெட்டியை இறக்கிவிட்டு எடைமேடையில் ஏறியபோது மூன்றைத் தாண்டிவிட்டது. பாதுகாப்பு அதிகாரி படிவத்தோடு வந்தார். சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசுவார். ஓட்டிய நேரம் ஒன்றரை, ஓய்வு ஏழரை என்று இருந்தது.

"நான் ஓய்வே எடுக்கல சார்."

"வண்டி நின்னுட்டுதானே இருந்துச்சு?"

"வண்டி நின்னுச்சு. நான் முழிச்சிகினு இருந்தேன்."

"இது சும்மா ஃபார்மாலிட்டிங்க. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

"காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சது. எட்டு மணி நேரம் தாண்டிப் போச்சு. உங்க ரூல்படி இனிமே நான் வண்டியத் தொடக் கூடாது சார்."

என்ஜினை அணைத்தேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, முன்சக்கரத்து நிழலில் உட்கார்ந்தேன். அந்தப் பேனாவை இனி தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அங்கே இருந்தது ஒரே எடைமேடை. என் வண்டி நகராமல் எதுவும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. எனக்கு அடுத்த வண்டிக்காரர், திருவொற்றியூர் ஆள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா, பிரேக்டவுனா?"

"இல்லண்ணே. என் டைம் முடிஞ்சி போச்சி."

என்னையும் அதிகாரி கையிலிருந்த படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அப்டிப் பாத்தா என்னுதுந்தான் எப்பவோ முடிஞ்சிது," என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியை அணைத்தார். அதற்குப் பின்னால் இருந்ததும் அணைந்தது. வரிசை கடைசி வரை சத்தம் அடங்கியது.

அதிகாரிக்கு வியர்த்தது. "யாராவது இந்த வண்டிய எடுத்து ஓரமா விடுங்கப்பா," என்றார்.

"ஒருத்தன் வண்டிய இன்னொருத்தன் தொட்டா பாஸ் கேன்சல்னு நீங்கதான சார் போர்டு வெச்சிகீறீங்க," என்றார் திருவொற்றியூர்க்காரர். போர்டு அதிகாரியின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேனேஜர் வந்தார். கத்தினார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்புடுங்க சார். எட்டு மணி நேரம்னு சட்டத்துல கீது. அவங்களையே கேப்போம்," என்றேன்.

கூப்பிடவில்லை. மணி ஐந்தானது. அன்றைக்கே கப்பலுக்குப் போயாக வேண்டிய பெட்டிகள் உள்ளே காத்திருந்தன. கடைசியில், "உனக்கு என்னதான்யா வேணும்?" என்றார்.

"வேற டிரைவர் எடுக்கலாம்னு எழுதிக் குடுங்க. ஏன் எடுக்கறான்னும் எழுதுங்க."

அதிகாரி எழுதினார். டிரைவரின் வேலை நேரம் முடிந்துவிட்டதால் வண்டியை வேறொருவர் நகர்த்த அனுமதி என்று இருந்தது. போதாது என்றேன். காலை ஆறு மணியிலிருந்து, வரிசையில் காத்திருந்த நேரமும் சேர்த்து என்று இருக்க வேண்டும் என்றேன். பேனா நின்றது. அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதித் தொலை," என்றார். கையெழுத்து, சீல் எல்லாம் ஆனது. கார்பன் நகலை நான் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

கையோடு என் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த வாசலுக்குள் அதற்குப் பிறகு நான் போனதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

திருவொற்றியூர்க்காரர் என் வண்டியை ஓரம் கட்டினார். நான் ரயில் பிடித்து நேரே கல்மண்டபம் போனேன். தோஸ்து கட்டிலில் உட்கார்ந்தபடி தாளை இரண்டு முறை படித்தான். அவன் மனைவி அதைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தாள்.

"வக்கீலாண்ட நாளைக்குக் குடுத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். குழாயடியில் தண்ணீர் வருகிற நேரம். குடங்களுக்கு நடுவே போய் நின்று, தடுக்கித் தடுக்கி, ஒரு வார்த்தை விடாமல் சத்தமாக வாசித்தாள்.

"கம்பெனிக்காரன் எழுதினது. சீல் கீது பாருங்க," என்றாள். "எவளுக்குப் படிக்கத் தெரியுமோ, வந்து வாங்கிப் படி."

ஒருத்தியும் கையை நீட்டவில்லை. அவள் தாளை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தாள்.