விழுங்கியதற்கு ஒரு சாட்சி

எழுபதுகளில் ஒரு மத்தியானம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அவர். வெள்ளைச் சட்டை, காட்டு வேலையில் கறுத்த முகம். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு மாத்திரையை விழுங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி வாயை அகலத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் எட்டிப் பார்த்துவைத்தேன்.

“பயந்துக்காதீங்க. மனசு சரியில்லாததுக்குத் திங்கற மாத்தரைங்க. நல்லாயிட்டேன்னு நானா நிறுத்திப்போட்டு, மறுக்காவும் புத்தி கலங்கிப்போச்சுங்க. அதுலிருந்து ஊட்டுக்காரிகிட்ட வாயத் தொறந்து காட்டிருவனுங்க. இன்னிக்கு அவ கூட வரலீங்க. அதான் நீங்க பாக்கோணும்.”

கோபாலபுரத்தில் இறங்கினார். அங்கே காத்திருந்த மனைவி, “ஏனுங்க, மாத்தரை போட்டீங்களா?” என்றார்.

“வேணும்னா அவரக் கேட்டுப்பாரு புள்ள” என்று ஜன்னலோரம் இருந்த என்னைக் கைகாட்டினார். நான் பலமாகத் தலையாட்டினேன். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

இப்போது நானும் வேளைக்கு மாத்திரை விழுங்குகிறேன். சில நாள் என்னையறியாமல் வாயைத் திறந்துவிடுகிறேன். பார்க்கத்தான் ஆளில்லை.