நகராத சைக்கிளில் ஒரு குளிர்காலம்

எனக்கு முதன்முதலில் மூச்சு முட்டியது படிக்கட்டில்தான். மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. இந்த ஊர்க்காரர் என்ன நினைத்துக் கட்டினார்களோ தெரியாது, படிக்கட்டை வீட்டுக்கு வெளியே, இரும்பில், வளைத்து வளைத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். பனி கொட்டிய நாளில் அதில் ஏறுவதே ஒரு வித்தை. தையல் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, பாதிப் படியில் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குளிர் என்று நினைத்தேன். ஜாக்கெட்டின் பாரம் என்று நினைத்தேன். இந்த நாட்டுக் காற்று எனக்கு இன்னும் பழகவில்லை என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். அகதியாக வந்த இடத்தில் காற்றின் மேல் பழி போடுவது சுலபம்.

ஒரு நாள் இருமியபோது சளி இளஞ்சிவப்பாக வந்தது. என் கணவர் குணம் அதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இருதய வைத்தியர் நரைத்த தலைக்காரர். எனக்குப் பிரெஞ்சு வராது என்று தெரிந்ததும் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாயா என்று கேட்டார். கிடந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கக் கிடைத்ததே என்று அப்போது சந்தோஷப்பட்டவள் நான். அது ரூமற்றிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணுக்குப் பின்னால் வந்து மூட்டையும் இருதயத்தையும் தாக்கும் காய்ச்சல்) என்றார். அது போகும்போது என் மைட்ரல் வால்வை (இருதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள கதவு) ஒட்டவைத்துவிட்டுப் போயிருக்கிறது. கதவு சரியாகத் திறக்காததால் இரத்தம் நுரையீரல் பக்கம் தேங்குகிறது.

இலையுதிர் காலத்தில் நெஞ்சைத் திறந்து அந்தக் கதவைப் பிரித்துவிட்டார்கள். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. இதைப் படிக்கும் உங்களில் சிலர் அந்தக் கட்டிலுக்குப் போகக் காத்திருப்பீர்கள். வலி இருக்கும். தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அதைவிட எனக்குப் பயனுள்ள புத்தி ஒருவரும் சொல்லவில்லை.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தை.

வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் சொன்னார்: "கதவை நாங்கள் திறந்துவிட்டோம். இனி உடம்புக்கு வேலை கொடுக்க வேண்டியது நீ. வெளியே பனியில் நடக்க முடியாது. வீட்டுக்குள் மிதிக்கிற சைக்கிள் ஒன்று வாங்கிக்கொள்."

தேவாலயத்தின் நிலவறையில் பழைய சாமான் விற்கும் இடத்தில் ஒன்று கிடைத்தது. முன்னால் மட்டும் சக்கரமாக ஒரு கனத்த இரும்புச் சில்லு. சில்லைச் சுற்றி ஒரு துணிப் பட்டி. கைபிடிக்குக் கீழே ஒரு திருகு, அதன் பக்கத்தில் கோடுகள். திருகை இறுக்கினால் பட்டி சில்லைப் பிடிக்கும், மிதிப்பது பாரமாகும். ஒன்றாம் கோட்டில் தொடங்கி, உடம்பு கேட்கிற அளவுக்கு மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். மிதிக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் பாரம் போதாது என்று அர்த்தம். இதுதான் வைத்தியர் தந்த கணக்கு.

கீழ்வீட்டு மங்களக்காவுக்கு இதைக் கேட்டதும் நெருப்புப் பற்றிக்கொண்டது. சத்திரசிகிச்சை முடிந்த நாளிலிருந்து எனக்குச் சோறும் இரசமும் கொண்டுவந்து தந்தவர் அவர்.

"நெஞ்சைப் பிளந்த பிள்ளையைச் சைக்கிள் ஓடச் சொல்லுறானே! அவன் என்ன டொக்டரோ, இறைச்சிக் கடைக்காரனோ?" என்றார். "பேசாமல் படுத்திரும் பிள்ளை. குணம், நீர் என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

குணம் சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தார். சில்லு கிர்ரென்று இழுத்துப் பிடித்தது. முகத்தைச் சுளித்தார்.

முதல் கிழமைகள் எனக்கு நரகம். உடம்புக் கஷ்டத்தைச் சொல்லவில்லை. அலுப்பைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் நான் சைக்கிளில் திரிந்தவள்தான். ஆனால் அங்கே ஏறினால் எங்கேயாவது போய்ச் சேருவேன். இது ஏறின இடத்திலேயே இறங்கும் சைக்கிள். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் வானம், எதிர்வீட்டுக் கூரையில் பனி. கண்ணை மூடி ஊர் வீதியில் போவதாக நினைத்து மிதித்துப் பார்த்தேன். சந்தி தாண்டினதும் இராணுவக் காவலரண் வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. பிறகு அந்த வழியை நான் முயலவில்லை. ஊர் நினைவு உங்களுக்கு ஆறுதல் தருமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பிரேக் பிடித்தது.

அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை மிதிக்கப் பழகினேன். அது கொஞ்சம் உதவியது. ஆனால் என்னை உண்மையாகக் காப்பாற்றியது மங்களக்காதான். சனிக்கிழமைகளில் நாலைந்து குடும்பம் சேர்ந்து வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கூட்டமும் புகையும் ஆகாது. பார்க்கத் தவறின படத்தை அவர் வந்து சொல்லுவார். "டொக்டர் கதைச்சுக்கொண்டு மிதிக்கவேணுமாம் அக்கா," என்று ஒரு நாள் சொன்னேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று.

"அப்ப நீர் மிதிச்சால் நான் சொல்லுவன். நிப்பாட்டினால் நானும் நிப்பாட்டுவன்," என்றார்.

சொன்னபடியே செய்தார். கதாநாயகியின் கல்யாண மண்டபத்தில் வில்லன் நுழைகிற நேரம் பார்த்து என் கால் தளரும். மங்களக்கா வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்ப்பார். "அக்கா, பேந்து என்ன நடந்தது?" என்பேன். "சில்லு சுத்தட்டும்," என்பார். இறைச்சிக் கடைக்காரன் என்று வைத்தியரைத் திட்டின அதே வாய்தான்.

இப்படியே நான் முன்னேறினேன். இரண்டாம் கோடு, மூன்றாம் கோடு, நான்காம் கோடு. குளிர் உச்சத்துக்கு வந்தபோது ஐந்தாம் கோட்டில் வைத்து மிதித்தேன். பாடவும் முடிந்தது. பாடக்கூடாது என்றவர் என் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பெருமை தலைக்கு ஏறினால் காது கேட்காது. சைக்கிளில் ஏறினால் தேங்காய் எண்ணெய் மணத்தது. என் தலைமுடி மணக்கிறது என்று நினைத்தேன். எண்ணெய்ப் போத்தல் எப்போதும் ஹீட்டருக்கு மேலேதான் இருக்கும், இந்தக் குளிருக்கு உறைந்துபோகும் என்று.

அந்த மிதப்பில்தான் பரிசோதனைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரிச் சைக்கிளும் ஏறக்குறைய எங்களுடையதைப் போலத்தான். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி மிதிக்கச் சொன்னார்கள். முதலாம் பாரத்தில் வியர்த்தது. இரண்டாம் பாரத்தில் மூச்சு முட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தச் சொன்னார்கள். வைத்தியர் நீளத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டில் ஒழுங்காக மிதித்தாயா?" என்று கேட்டார். ஐந்தாம் கோடு என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"அவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் இப்படி என்றால், கதவு போதிய அளவு திறக்கவில்லையோ என்று பார்க்க வேண்டும்." கதீற்றர் (இரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் விடும் மெல்லிய குழாய்) விட்டுப் பார்ப்போம் என்றார். தேவையென்றால் மறுபடியும் திறக்க வேண்டி வரலாம்.

மறுபடியும். அந்தச் சொல்லை வீடு வரும்வரை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன். சாவுக்குப் பயந்தேனா தெரியாது. அந்தக் கத்திக்குப் பயந்தேன், நன்றாகவே பயந்தேன்.

குணம் கதவைத் திறந்தார். "என்னவாம்?"

"திரும்பவும் வெட்டவேண்டி வந்தாலும் வருமாம்," என்று அழுதேன்.

அவர் கதிரையில் தொப்பென்று இருந்தார். "அதெப்பிடி? வீட்டிலை அஞ்சிலை வைச்சுப் பறக்கிறீர். அங்கை இரண்டிலை ஏன் மூச்சு இளைச்சது?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்?"

"அவங்கடை சைக்கிள் சரியில்லை. ஒருத்தரும் எண்ணெய் விட்டிருக்க மாட்டினம்."

நான் அழுகையை நிறுத்தினேன். "எங்கடை சைக்கிளுக்கு ஆர் எண்ணெய் விடுறது?"

"நான்தான். காலமை வேலைக்குப் போக முன்னம் விட்டிட்டுத்தானே போறனான்."

"எங்கை விடுறனீங்கள்?"

"சில்லைச் சுத்தி ஒரு பட்டி இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கெல்லே, அதுக்குத்தான். வாங்கின நாளிலையிருந்து அது சில்லை ஓட விடுகுதில்லை. நீர் பாவமெண்டு..."

நான் எழுந்து போய்ப் பட்டியைத் தொட்டேன். கை முழுக்கத் தேங்காய் எண்ணெய். திருகை ஆறாம் கோட்டுக்கு இறுக்கி, ஒரு விரலால் பெடலைத் தள்ளினேன். சில்லு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

சிரித்தேனா, கத்தினேனா என்று இன்றைக்கும் மங்களக்காவைத்தான் கேட்க வேண்டும். சத்தம் கேட்டுக் கீழிருந்து ஓடிவந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதே நேரம் உள்ளே ஒரு பெரிய நிம்மதி. கெட்டுப்போனது என் இருதயம் இல்லை, என் புருஷனின் புத்தி!

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. எங்கள் ஊரில் சைக்கிள் என்றால் இலேசாக ஓட வேண்டும். பாரமாக ஓடினால் அதற்கு ஏதோ நோய், எண்ணெய் விட வேண்டும். காசு கொடுத்து வாங்கின சைக்கிளை வேண்டுமென்றே பாரமாகச் செய்து வைப்பார்கள் என்று எந்த யாழ்ப்பாணத்தான் நினைப்பான்?

வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "தேங்காய் எண்ணெயா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிரிப்பை அடக்குகிறார் என்று விளங்கியது. "சரி. பனி உருகும்வரை குழாய் வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே வா. இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்கு," என்றார்.

பழைய பட்டி எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. குணம் சில்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். நாங்கள் வந்தபோது சூட்கேஸைக் கட்டிவந்த தடித்த நாடாவை வெட்டிப் புதுப் பட்டி போட்டார். தானே ஏறி மிதித்தும் பார்த்தார். கொஞ்சத்திலேயே இறங்கிவிட்டார்.

"ஐயோ, இது மாடு இழுக்கிற பாரமெல்லோ! இதை உம்மை மிதிக்கச் சொல்லுறாங்களே?" என்றார்.

மறுபடி ஒன்றாம் கோடு. ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்குவதைப் போல மனதை உடைப்பது வேறில்லை. இரண்டு நாள் சைக்கிள் பக்கமே போகவில்லை. மங்களக்கா கீழிருந்தபடியே, "புதுப்படம் பாத்தனான், வேணுமெண்டால் ஏறும்!" என்று கத்தினார். ஏறினேன். இந்த முறை உண்மையாகவே இளைத்தது. தொடை எரிந்தது. பாட்டு வரவில்லை. பயமாகவும் இருந்தது: கதவு உண்மையிலேயே திறக்காமல் இருந்தால்?

குணத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நான் மிதிக்கத் தொடங்கினால் குசினிக்குப் போய், என் மூச்சுச் சத்தம் கேட்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். ஒரு நாள் பொறுக்காமல் வந்து திருகில் கை வைத்தார்.

"கையை எடுங்கோ," என்றேன்.

"காணும், போதும். இறங்கும்."

"எடுங்கோ எண்டு சொல்லுறன்."

எடுத்தார். "தம்பியையும் ஆமிக்காரங்கள் என்ரை கண்ணுக்கு முன்னாலைதான் கொண்டுபோனவங்கள். ஒண்டும் செய்யேலாமல் நிண்டனான். இப்ப நீரும் இளைச்சு இளைச்சு... என்னைச் சும்மா நிண்டு பாக்கச் சொல்லுறீர்."

அவர் தம்பியைப் பற்றி இந்த நாட்டுக்கு வந்த பிறகு பேசியது அன்றைக்குத்தான். நான் காலை நிறுத்தவில்லை.

"ஓம்," என்றேன். "நில்லுங்கோ. பக்கத்திலை நிண்டால் காணும்."

அவர் நிற்கவில்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் கட்டி இருந்தார். அதற்குப் பிறகு குசினிக் குழாய் திறக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் அங்கேதான் இருப்பார். மங்களக்கா படம் சொல்லும்போது, "அவள் ஏன் அவனை நம்பினவள்?" என்று இடையில் கேட்டு அக்காவிடம் ஏச்சும் வாங்குவார்.

உங்களுக்கும் அலுப்பு வரும். மனதைத் திடமாக வைத்திரு என்று ஆட்கள் சொல்வார்கள். எனக்குத் திடமான மனது இருந்ததில்லை. பேசுவதற்கு ஒரு ஆள், அடுப்பில் ஒரு பானை, பக்கத்தில் பயந்துகொண்டு ஒரு மனுஷன். இவ்வளவுதான் இருந்தது.

பனி உருகி வீதியெல்லாம் சேறானபோது மறுபடி பரிசோதனைக்குப் போனேன். ஆஸ்பத்திரிச் சைக்கிளில் மூன்றாம் பாரம்வரை போனேன். இளைத்தது, ஆனால் கண் இருட்டவில்லை. வைத்தியர் தாளைப் பார்த்தார். "கதவு நன்றாகத் திறக்கிறது," என்றார். "சோம்பேறியாக இருந்தது கால்கள்தான்." கத்தி இல்லை. வெளியே நின்ற குணத்திடம் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது என் உடம்பை நான் பழைய மாதிரி நம்புவதில்லை. ஏதாவது இலேசாகப் போனால், எங்கேயோ எண்ணெய் விட்டிருக்கிறது என்று ஒரு சந்தேகம் வருகிறது. இளைக்கும்போதுதான் நெஞ்சுக்குள் கதவு திறந்து மூடுகிறது என்று நம்பிக்கை வருகிறது. காலமும் மாறிவிட்டது. அகதி விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று முன்பு மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு பானை சோறு கொதிக்கும் நேரம் எனக்கு நீளமான நேரம். அதற்குள் எவ்வளவோ செய்யலாம்.

பரிசோதனை முடிந்த அந்தக் கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் போய் வெங்காயமும் கிழங்கும் வாங்கி வந்தோம். படிக்கட்டில் குணம் முன்னால் ஏறினார், நான் ஒரு பையோடு பின்னால். முன்பு நான் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்துக்கு வந்ததும் அவர் திரும்பினார். பையை வாங்க அவர் கை தானாக நீண்டது.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு அதை இழுத்து ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கொண்டு வாரும்," என்றார்.

ஏறினேன்.